நாறும்பூநாதர் ஊர்ல ரெண்டு நாள்: அண்ணாச்சி பதில்கள்

போன இதழ்ல குற்றாலத்துக் கூட்டத்த பத்தி ஒருத்தர் கேட்டதுக்கு, "கூட்டம் ஆகாதுன்னா அம்பாசமுத்திரம் பக்கம் திருப்புடைமருதூர்னு ஒரு ஆத்தங்கரை ஊரு இருக்கு, அங்க போங்களேன்"னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன். அவ்வளவுதான், மெயிலு, கடுதாசி, வாட்ஸப்புன்னு வந்து குமிஞ்சிருச்சு. அதனால மைக்ரோவேவ் ஓவன்ல வத்தக்குழம்பு சூடு பண்ணலாமான்னு கேட்ட அம்மாவுக்கும், மச்சினன் கடன் வாங்கிட்டுத் தரமாட்டேங்கான்னு எழுதுன அண்ணனுக்கும் அடுத்த இதழ்ல பதில் சொல்றேன். இந்தத் தடவ முழுக்க ஆத்தங்கரைதான்.

அண்ணாச்சி, நாங்க அஞ்சு பேரு. அம்மாவுக்கு 70 வயசு, முட்டி வலி. பிள்ளைங்க 12, 8. ரெண்டு நாள்தான் லீவு. எப்படி வர்றது, எங்க தங்குறது, அங்க என்னதான் இருக்கு? (வாசகி, பெரம்பூர்)

கடைசிக் கேள்விக்கு மொதல்ல பதில் சொல்லிர்றேன் தாயி. ஒரு ஆறு இருக்கு, ஒரு கோவில் இருக்கு, நெறைய மருத மரம் இருக்கு, அதுமேல நெறைய பறவை இருக்கு. இவ்வளவுதான். இது போதாதுன்னு தோணுச்சுன்னா கொடைக்கானலுக்கு டிக்கெட் போட்ருங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேன்.

போதும்னா கேளுங்க. ராத்திரி எழும்பூர்ல நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறுனா காலைல திருநெல்வேலி ஜங்ஷன். பொதிகைல ஏறுனா அது ராஜபாளையம் வழியா தென்காசிக்குப் போயிரும், அங்க எறங்கி இந்தப் பக்கம் திரும்பி வரணும், அதனால நெல்லையே நல்லது. ஜங்ஷன்ல காப்பியக் குடிச்சிட்டு செங்கோட்டை போற பாசஞ்சர் ரயில்ல ஏறுங்க. சேரன்மகாதேவி, காருக்குறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம்னு ஒவ்வொண்ணா வரும். ஜன்னல் சீட்டு பிள்ளைங்களுக்குக் குடுத்துருங்க. வலது இடதுன்னு பாக்க வேண்டாம், ரெண்டு பக்கமும் வயலும் வாழையும்தான், மேக்க பாத்தா மலை கூடவே வரும். வீரவநல்லூர்ல எறங்கி ஆட்டோ பிடிச்சா ஊரு பக்கம்தான். டவுன் பஸ்ஸும் உண்டு, ஆனா அத நம்பிப் போறவங்க திரும்பி வர்ற பஸ் எப்பன்னு எறங்கும்போதே கண்டக்டர்ட்ட கேட்டு வச்சுக்கணும், இல்லன்னா ஆலமரத்தடியில உக்காந்து கொட்டாவி விடணும்.

தங்குறதுக்கு ஊருக்குள்ள லாட்ஜு கிடையாது. அம்பாசமுத்திரத்துல தங்கலாம், இல்ல திருநெல்வேலியிலயே ரூம் போட்டுட்டு காலைல கெளம்பி வரலாம், ரெண்டு ஊருக்கும் நடுவுல 35 கிலோமீட்டர் வாக்குலதான். சாப்பாட்ட கையில கட்டிக்கிட்டு வந்துருங்க. இட்லிக்கு மொளகாப்பொடியும் எண்ணெயும் தடவி வாழை இலையில பொதிஞ்சா மத்தியானம் வரைக்கும் கெடாது, ஆத்துல குளிச்சிட்டு ஈரத்தலையோட அத சாப்பிட்டா அஞ்சு இட்லி போற எடத்துல பத்து போகும்.

ஒரு யோசனை, அத மட்டும் தட்டாதீங்க. ஒரே மூச்சுல எட்டு மணிக்கு வந்து பத்து மணிக்கு ஓடிறாதீங்க. விடியக்காலை ஒரு தடவ, பொழுது சாயும்போது ஒரு தடவ, ரெண்டு நேரமும் அந்த ஊர்ல இருங்க. நடுவுல மத்தியானம் கோவிலும் அடைச்சிருக்கும், வெயிலும் பொளக்கும், அப்ப ரூமுக்குப் போயி நல்லா தூங்குங்க. முட்டி வலிக்கிற அம்மாவுக்கும் அதுதான் தோது. படித்துறையில கடைசிப் படி வரைக்கும் எறங்க வேண்டாம்னு சொல்லுங்க, பாசி வழுக்கும். மேல் படியில உக்காந்து செம்புல மோந்து ஊத்திக்கிட்டாலும் தாமிரபரணி தாமிரபரணிதான்.

சாமி பேரு நாறும்பூநாதராமே? எங்க வீட்டுப் பசங்க சிரிச்சே செத்துட்டானுங்க. யாரு சார் இந்தப் பேர வச்சது? (வாசகர், ஓசூர்)

சிரிக்கட்டும் விடுங்க, எங்க பக்கத்து ஸ்கூல்ல வருசா வருசம் சிரிக்கிறதுதான். நாறும்பூன்னு பேரு வச்ச ஆளுங்க திருநெல்வேலிச் சீமையில தாராளமா உண்டு, என்கூட ஆறாங்கிளாஸ்ல ஒருத்தன் இருந்தான், அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது அவன் பேரு வந்தா மொத்த கிளாஸும் மூக்கப் பொத்தும். அவன் ஒரு நாளும் அழுததில்ல. தமிழய்யா ஒருநாள் எழுந்து நின்னு சொன்னாரு, "லேய், நாறுதல்னா பழைய தமிழ்ல மணக்குறதுடா, நாத்தம்னா வாசனை. மார்கழி மாசம் பாடுற திருப்பாவையில 'நாற்றத் துழாய்'னு வருதே, துளசி நாறிப்போச்சுன்னா அர்த்தம்? மணக்குற பூவுக்கு நாதன்டா அவன்". மறுநாள்லேருந்து அவனுக்கு கொஞ்சம் திமிரு கூடிப்போச்சு, அது வேற கதை. வார்த்தை நல்லா இருந்துச்சு, நாமதான் நடுவுல அத நாற வச்சிட்டோம்.

அம்மன் பேரு கோமதி. அந்தப் பேர்ல யாரும் சிரிக்கிறதில்ல.

சிவலிங்கம் சாஞ்சு இருக்கும்னு சொல்றாங்களே, நெசமா? (வாசகி, திண்டுக்கல்)

நெசம். ஒரு பக்கமா தலைய சரிச்ச மாதிரி இருக்கும். கதை இதுதான்: கருவூர்ச் சித்தர் இந்த சாமிய பாக்க வந்திருக்காரு, எதிர்க்கரையில நிக்காரு, ஆத்துல ரெண்டு கரையும் முட்டி வெள்ளம், தோணி இல்ல. அங்க நின்னுக்கிட்டே "நாறும்பூநாதா, நான் எப்படி வருவேன், வழி சொல்லு"ன்னு சத்தம் குடுத்திருக்காரு. வெள்ளத்து எரச்சல்ல சரியா கேக்கல போல, சாமி காத சாச்சுக் கேட்டாராம். கேட்டு வழியும் விட்டாரு, சித்தரும் ஆத்துல எறங்கி நடந்து வந்துட்டாரு, சாஞ்ச தலை மட்டும் நிமிரவே இல்ல.

எனக்கு இந்தக் கதையில பிடிச்சது ஆத்துச் சத்தம்தான். ஐப்பசி கார்த்திகையில போயி அந்தக் கரையில நின்னு பாருங்க, பக்கத்துல நிக்கிற ஆளு பேசுறதே கேக்காது. கதைய கட்டுனவன் கண்டிப்பா அந்த ஊர்க்காரன்தான்.

மருத மரத்த வச்சு மூணு ஊரச் சேத்துச் சொல்லுவாங்க. ஆந்திராவுல ஸ்ரீசைலம், கும்பகோணம் பக்கம் திருவிடைமருதூர், இங்க திருப்புடைமருதூர். மத்த ரெண்டுலயும் எப்பவும் க்யூ, இங்க தைப்பூசத்தத் தவிர மத்த நாள்ல அர்ச்சகர் உங்ககிட்ட "எந்த ஊரு"ன்னு நின்னு பேசுவாரு. தைப்பூசத்தன்னிக்கு மட்டும் ஆத்துல குளிக்க சனம் வந்து குமியும், அமைதி வேணும்ங்கிறவங்க அந்த நாள விட்ருங்க.

ஆத்துல பசங்கள விடலாமா சார்? நீச்சல் கிளாஸ் போயிருக்காங்க, ஸ்விம்மிங் பூல்ல நல்லா பண்றாங்க. (வாசகர், வேளச்சேரி)

இந்தக் கேள்விக்கு மட்டும் வெளையாட்டா பதில் சொல்ல மாட்டேன்.

பூல்ல தரை தெரியும், தண்ணி நிக்கும். ஆத்துல ரெண்டும் கெடையாது. கடனாநதி வந்து தாமிரபரணியில சேர்ற எடம் இந்த ஊர்ப்பக்கம்தான், ரெண்டு தண்ணி சேர்ற எடத்துல இழுவை எப்படி இருக்கும்னு மேல பாத்தா தெரியாது, கண்ணாடி மாதிரி இருக்கும். மணல் அள்ளுன காலத்துப் பள்ளங்களும் ஆத்துல அங்கங்க உண்டு, முழங்கால் தண்ணியில நடந்து போறவன் அடுத்த எட்டுல கழுத்துக்குப் போயிருவான். எனக்கே பதினாலு வயசுல அப்படி ஆச்சு. ஒரு துணி தொவைக்கிற ஆச்சி என் முடியப் பிடிச்சு இழுத்துப் போட்டுட்டு, அதே கையால முதுகுல ரெண்டு வச்சாங்க, அப்புறம் ஒண்ணும் நடக்காத மாதிரி சேலைய அலச ஆரம்பிச்சிட்டாங்க. வீட்டுல இன்னிவரைக்கும் நான் சொன்னதில்ல, இந்தப் பத்திரிகைய என் அக்கா படிக்காம இருக்கணும்.

அதனால ஊர்க்காரங்க குளிக்கிற துறையில மட்டும், அவங்க குளிக்கிற தூரம் வரைக்கும் மட்டும். எறங்குறதுக்கு முன்னாடி அங்க இருக்கிறவங்கள்ட்ட "இங்க ஆழமாண்ணே"ன்னு ஒரு வார்த்த கேட்டுருங்க, கேட்டா யாரும் கொறச்சு நெனைக்க மாட்டாங்க, வரைபடமே போட்டுக் குடுப்பாங்க. பொம்பளைங்க குளிக்கிற துறை எது, ஆம்பளைங்க துறை எதுன்னும் அப்பவே தெரிஞ்சுக்கோங்க.

இன்னொண்ணு, அணை. எங்க ஊர்ப் பேப்பர்ல தெனமும் பாபநாசம் இத்தன அடி, மணிமுத்தாறு இத்தன அடின்னு பெட்டி கட்டிப் போடுவாங்க, கிரிக்கெட் ஸ்கோருக்கு முன்னாடி பெருசுங்க அதத்தான் பாக்கும். பாபநாசம் அணை 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. அந்த நம்பர நெருங்கிருச்சுன்னா எப்ப வேணும்னாலும் தண்ணி தொறப்பாங்க, மைக்குல சொல்லுவாங்க, அப்ப ஆத்துப் பக்கம் நிக்கவே கூடாது. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் வாக்குல மழை கொட்டுச்சே, அந்த வெள்ளத்துல இந்த ஆறு போன போக்க பாத்தவங்க இன்னும் கார்த்திகை மார்கழியில ராத்திரி மழை பேஞ்சா எழுந்து உக்காந்துருவாங்க.

பிள்ளைங்க பயப்பட வேண்டாம், கரையோரம் கணுக்கால் தண்ணியில உக்காந்தாலே போதும், சின்ன மீனுங்க கூட்டமா வந்து கால கொத்தும். சிட்டியில இதுக்கு மால்ல காசு வாங்குறாங்களாமே.

பறவைகள் படம் எடுக்கணும். எந்த மாசம் வரட்டும்? (வாசகர், கோவை)

ஜனவரி பொறந்ததும் வாங்க. சங்குவளை நாரைன்னு புத்தகத்துல சொல்ற பெரிய நாரை, மஞ்ச மூக்கு, றெக்கையோட பின்பக்கம் ரோஸ் கலர் அடிச்ச மாதிரி, அது இந்த மருத மரங்க உச்சியில கூடு கட்டும். கூடவே அரிவாள்மூக்கன், நீர்க்காகம், கொக்கு, வக்கான்னு ஒரு மரத்துல ஏழெட்டு குடித்தனம். கோடை பாதி வரைக்கும் குஞ்சுங்க இருக்கும்.

பெரிய நாரைக்குத் தொண்டை கெடையாதுன்னு சொல்லலாம், கத்தாது. ரெண்டு அலகையும் தட்டும். சாயங்காலம் எர எடுக்கப்போன தாய் வந்து எறங்கும்போது மரத்து மேல யாரோ மூங்கில் குச்சிய தட்டுற மாதிரி டக டக டகன்னு கேக்கும். குஞ்சுங்க மட்டும் தொண்டைய கிழிச்சுக்கிட்டுக் கத்தும், வளந்ததும் அடங்கிரும், நம்ம வீட்டுல நடக்கிறதுக்கு நேர்மாறு.

வெள்ளச் சட்டை போட்டுட்டு மரத்தடியில நிக்காதீங்க. நான் ஒரு கல்யாணத்துக்குப் போற வழியில, பட்டு வேட்டி வெள்ளச் சட்டையோட, "அஞ்சு நிமிசம் பாத்துட்டுப் போயிருவோம்"னு எறங்குனேன். மேலேருந்து எச்சம் விழுந்தாக்கூட தொடச்சிரலாம். எனக்கு விழுந்தது குஞ்சுக்குக் கக்கிக் குடுத்த அரமீனு. கல்யாண வீட்டுல பந்தியில என் ரெண்டு பக்கமும் இலை காலியாவே இருந்துச்சு.

இந்த எடத்த 2005-ல கவர்மெண்ட்டு பறவைகளுக்காக காப்பகமா அறிவிச்சாங்க, தமிழ்நாட்டுல இந்த மாதிரி கன்சர்வேஷன் ரிசர்வ்னு வந்ததுல இதுதான் மொதல். பரப்பளவு 3 ஹெக்டேருக்கும் கொறச்சல்தான், நம்ம ஊர் கல்யாண மண்டபத்து பார்க்கிங்க விட கொஞ்சம் பெருசா இருக்கும். ஆனா அறிவிப்புக்கு முன்னாடியே ஊர்க்காரங்க அத காத்துக்கிட்டுதான் இருந்தாங்க. கல்லெறிய விட மாட்டாங்க, வெடி போட விட மாட்டாங்க. அதனால நீங்களும் ட்ரோன் தூக்கிக்கிட்டு வராதீங்க, காட்டு இலாகா பிடிக்கிறதுக்கு முன்னாடி ஊர்ப் பெருசுங்க பிடிச்சிரும். லென்ஸு பெருசா வச்சிருக்கவரு தூரமா நின்னு எடுங்க, அதுக்குத்தான அவ்வளவு காசு குடுத்தது.

ஒரு விசயம், வருசா வருசம் தாமிரபரணிக் குளங்கள்ல நீர்ப்பறவை கணக்கெடுப்பு நடக்குது, மணிமுத்தாறுல இருக்கிற அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் நடத்துறது, ஆர்வம் இருக்கிறவங்களும் கூட சேந்துக்கலாம். படம் எடுக்கிறவரு ஒரு வருசம் எண்ணிப் பாருங்க, ஒரு குளத்துல நிக்கிற நீர்க்காகத்த எண்ணி முடிக்கிறதுக்குள்ள ஏழு தடவ கணக்கு தப்பும்.

கோபுரத்துக்குள்ள ஓவியம் இருக்குன்னு கேள்விப்பட்டேன். நான் ட்ராயிங் டீச்சர். பாக்க விடுவாங்களா? (வாசகி, விருத்தாசலம்)

டீச்சர், உங்களுக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதுறேன்னு வச்சுக்கோங்களேன்.

வெளியிலேருந்து பாத்தா அஞ்சு நெலை ராஜகோபுரம், அவ்வளவுதான்னு தோணும். உள்ள ஏறுனா ஒவ்வொரு நெலையும் ஒரு ரூம் மாதிரி, மரத்தூணு, மரப்பலகை, உத்தரம் பூரா செதுக்கல் வேலை, செவுரு நாலு பக்கமும் படம். நாயக்கர் காலத்துப் பாணி. செவப்பு, மஞ்ச, கறுப்பு, பச்சைன்னு நாலஞ்சு கலர்தான், அதுல ராமாயணம், பாரதம், திருவிளையாடல், ராசா சவாரி, சண்டை எல்லாம். ஒரு எடத்துல பெரிய போர்க்காட்சி ஓடுது, அது 16-ம் நூற்றாண்டுல விஜயநகரப் படைக்கும் திருவிதாங்கூர் ராசாவுக்கும் இந்த ஆத்தங்கரையில நடந்த சண்டைன்னு ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க.

எனக்கு மனசுல நிக்கிறது கப்பல். ஒரு பாய்மரக் கப்பல் வருது, அதுல குதிரைங்க வரிசையா நிக்கிது. மலையடிவாரத்து ஊருக்குள்ள, கடலே கண்ல படாத எடத்துல, ஒருத்தன் கப்பல் வரைஞ்சிருக்கான். யோசிச்சுப் பாத்தா ஆச்சரியம் இல்ல, இதே ஆறு கடல்ல போயி சேர்ற பக்கத்துல காயல்னு பெரிய துறைமுகம் இருந்துச்சு, அங்க அரபு நாட்டுக் குதிரைங்க வந்து எறங்குனத 13-ம் நூற்றாண்டுல வந்த மார்கோ போலோவே எழுதியிருக்காரு. பொதிகையில பொறந்து புன்னைக்காயல் வரைக்கும் ஆறு மொத்தமே 125 கிலோமீட்டர் சொச்சம்தான். கடலோரத்துச் சேதி ஆத்தோடயே மேல ஏறி வந்து இந்தக் கோபுரத்துல உக்காந்துக்கிச்சு.

விடுவாங்களான்னா, சாவி பூட்டு விசயம். சும்மா போயி நின்னா பூட்டியிருக்கலாம், அதனால முன்கூட்டியே கோவில் ஆபீஸ்ல பேசி அனுமதி வாங்கிக்கோங்க, ட்ராயிங் டீச்சர்னு மறக்காம சொல்லுங்க. படி குறுகல், தலைய இடிக்கும். இருட்டு. நல்ல டார்ச்சு எடுத்துக்கோங்க, ஆனா கேமரா ஃப்ளாஷ் போடாதீங்க. வவ்வால் வாட அடிக்கும், அதத்தான் நாறும்னு இப்ப நாம சொல்றது. செவுத்துல கைய வைக்காதீங்க. ஏற்கெனவே சில மகராசனுங்க இதயம் போட்டு அம்பு விட்டு பேரெழுதி வச்சிருக்கானுங்க, கீறுன எடத்துல 400 வருசத்துக் கலர் போயிருச்சு, காதலும் எப்படியும் ரெண்டு வருசத்துல போயிருக்கும்.

சுத்துவட்டாரத்துல வேற என்ன பாக்கலாம், என்ன வாங்கலாம்? அல்வா தவிர! (வாசகி, திருச்சி)

அல்வா தவிரன்னு ஆச்சரியக்குறி போட்டதுக்கே உங்கள எனக்குப் பிடிச்சிருச்சு.

கல்லிடைக்குறிச்சியில அப்பளம். உளுந்து மாவுல பிரண்டைச் சாறு விட்டு, ஆத்துத் தண்ணி சேத்துப் பெசஞ்சாத்தான் அந்த ருசி வரும்னு அங்க ஒவ்வொரு வீட்டுலயும் சொல்லுவாங்க, அது உண்மையோ பொய்யோ, எண்ணெயில போட்ட ஒடனே உப்பி நிக்கிறத பாத்தா நம்பத்தான் தோணுது. காருக்குறிச்சியில மண்பானை, மண்சட்டி. நாதஸ்வரம் அருணாசலம் ஊரு அதுதான்னு உங்க வீட்டுப் பெரியவங்களுக்குச் சொன்னா போதும், ரயில் அந்த ஸ்டேஷன்ல நிக்கும்போது எட்டிப் பாப்பாங்க. திருப்புடைமருதூர் பக்கத்துலயே அரிகேசவநல்லூர், சங்கீத வித்வான் முத்தையா பாகவதரோட ஊரு. ஆத்தோட தண்ணியில என்னமோ இருக்கு, இந்தப் பக்கம் பாட்டும் மேளமும் அப்படி ஊறியிருக்கு.

அப்புறம் பத்தமடைப் பாய். இத கொஞ்சம் நின்னு பாக்கணும். கோரைய ஆத்துத் தண்ணியில ஊறப்போட்டு, காயவச்சு, நார் நாரா கிழிச்சு, அந்த நார நூல் மாதிரி தறியில ஓட்டி நெய்யுறது. சாதாப் பாய் வேற, பட்டுப் பாய் வேற. பட்டுப் பாய் பட்டு மாதிரி அவ்வளவு மெலிசு. கைக்குட்டை மாதிரி மடிச்சு வைக்கலாம். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பொண்ணு பேரப் போட்டு நெய்ஞ்சு தருவாங்க, ஆனா ஒரு பாய்க்கு நாள் கணக்கா ஆகும், நீங்க ஆட்டோவ நிப்பாட்டிட்டு "அர்ஜெண்ட்டா ஒண்ணு"ன்னு கேட்டா சிரிப்பாங்க. நெய்யுறது பெரும்பாலும் அங்க இருக்கிற முஸ்லிம் வீட்டுப் பொம்பளைங்க. பேரம் பேசலாம், ஆனா அவங்க வெரல ஒரு தடவ பாத்துட்டுப் பேசுங்க.

முக்கூடல் பக்கம் போனா திண்ணை திண்ணையா பீடி சுத்துறத பாப்பீங்க, மொறத்துல இலையும் தூளும் வச்சுக்கிட்டு, கண்ணு டிவி சீரியல்ல, வெரலு பீடியில. போட்டோ எடுக்கணும்னா கேட்டுட்டு எடுங்க.

பாபநாசம், அகஸ்தியர் அருவி, மணிமுத்தாறு அருவி எல்லாம் உங்களுக்கே தெரியும், நெட்டுல கெடக்கு. புலிகள் காப்பகத்துக்குள்ள வர்ற எடம், செக்போஸ்ட்டுல நேரம் பாத்துத்தான் விடுவாங்க, மழை கூடுனா அடைச்சிருவாங்க. ஆடி அமாவாசைக்கு காரையார் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கு லட்சக்கணக்குல சனம் போகும், அந்த வாரம் இந்த ரூட்டுல பஸ்ஸுல நிக்கவே எடம் கெடைக்காது.

சாப்பாட்டுக்கு சொதி கெடைச்சா விடாதீங்க, தேங்காப்பால்ல காய்கறி போட்டு, கூட இஞ்சிப் பச்சடி. வெயில் காலத்துல ரோட்டோரம் பதநீர் வித்தா பனையோலைப் பட்டையிலயே வாங்கிக் குடிங்க, நுங்கு வழிச்சுப் போட்டுத் தருவாங்க. கிளாஸ்ல கேட்டா அது பாவம்.

ஒரு ஜோசியர் சொன்னதால பாபநாசத்துல குளிச்சிட்டு உடுத்துன துணிய ஆத்துலயே விட்டுட்டு வந்தோம். உங்க ஊர்லயும் விடலாமா? (வாசகர், பெயர் வேண்டாம்)

பேரு வேண்டாம்னு நீங்களே போட்டுட்டீங்க, நல்லது.

அந்தத் துணி எங்க போச்சுன்னு நெனைக்கீங்க? கங்கைக்குப் போகல. பாறையில மாட்டி, மரத்து வேர்ல சுத்தி, ஆத்துக்குள்ள கெடந்து அழுகுது. ஆர்வமுள்ள பசங்க லீவு நாள்ல எறங்கி மூட்ட மூட்டையா இழுத்துப் போடுறாங்க, அடுத்த அமாவாசைக்கு மறுபடி அவ்வளவும் சேந்துருது. நைலான் சேலை கால்ல சுத்தி ஆளு முங்குனதும் உண்டு. இந்தத் தண்ணியத்தான் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிக்குது, கார், பிசானம்னு ரெண்டு போக நெல்லும் இதுலதான் வெளையுது. உங்க தோசத்த எங்க குடத்துல ஊத்திட்டுப் போறது எந்த ஊர் நியாயம்? துணிய நல்லா அலசிப் பிழிஞ்சு, பையில போட்டு, வீட்டுக்குக் கொண்டு போங்க. ஷாம்பு பாக்கெட்டையும் சேத்து.

கோவமா எழுதிட்டேன்னு எடிட்டர் சொன்னாரு. மாத்தல.

ப்ரோ, அங்க நெட் வருமா? (வாசகர், சோழிங்கநல்லூர்)

கோவில் வாசல்ல வரும், படித்துறையில விட்டு விட்டு வரும். தண்ணிக்குள்ள வராது.

அண்ணாச்சி, எனக்கு 68 வயசு. பம்பாய்ல செட்டிலாகி 50 வருசமாச்சு. எங்க அம்மா பொறந்த ஊரு திருப்புடைமருதூர்தான். சின்ன வயசுல லீவுக்குப் போனது. இப்ப அங்க எங்களுக்கு வீடும் இல்ல, சொந்தமும் இல்ல. ஒரே ஒரு தடவ அந்த ஆத்துல குளிச்சிட்டு வரணும்னு ஆசை. யாருமே இல்லாத ஊருக்கு நான் போயி என்ன பண்ண? (வாசகி, முலுண்டு)

அக்கா, உங்க கடுதாசிய மேஜையில வச்சிட்டு ரெண்டு நாள் வேற வேலையே ஓடல.

யாருமில்லன்னு நெனச்சுக்கிட்டுப் போங்க, நல்லதுதான். படித்துறையில எறங்கி ரெண்டாவது படியில நீங்க உக்காந்த ஒடனே, துணி தொவைக்கிற யாராவது ஒரு அம்மா நிமிந்து பாக்கும். "யாரு வீட்டுக்கு வந்திருக்கிய?"ன்னு கேக்கும். நீங்க உங்க அம்மா பேரயும் தெருவையும் சொல்லுங்க. அந்தம்மாவுக்குத் தெரியாது, ஆனா விடாது, அடுத்த துறையில குளிக்கிற ஆளுக்குக் கூப்பிட்டுக் கேக்கும், அவரு இன்னொருத்தர்ட்ட கேப்பாரு, உங்க தலை காயுறதுக்குள்ள எந்த வீடு, அந்த வீட்ட யாரு வாங்குனா, இப்ப அங்க மாடி எழும்பிருச்சா, எல்லாம் உங்க கைக்கு வந்துரும். நடுவுல ரெண்டு தப்புத் தகவலும் வரும், அத நீங்க கண்டுக்காதீங்க.

தை, மாசியில வாங்க. வெள்ளம் வடிஞ்சிருக்கும், வெயில் ஏறியிருக்காது, நாரைங்களும் வந்திருக்கும். பம்பாய்லேருந்து திருநெல்வேலிக்கு நேர் ரயில் இருக்கு, கீழ் பெர்த் கேட்டு வாங்குங்க. ஊருக்கு விடியக்காலை போயிருங்க, ஆறு மணிக்கு தண்ணி மேல ஆவி பறக்கும், தொட்டா வெதுவெதுன்னு இருக்கும், கரையிலதான் குளிரும். குளிச்சிட்டு ஏறும்போது மட்டும் யார் கையையாவது பிடிச்சுக்கோங்க, நான் சொன்னேன்ல, பாசி.

ஒரு துண்டு கூடுதலா எடுத்துட்டுப் போங்க. ஒரு தடவதான் குளிப்பேன்னு எழுதியிருக்கிய, சாயங்காலம் மறுபடி எறங்காம உங்களால இருக்க முடியாது.